செவலைப் பூனை சொல்லும் செய்தி



சங்கரன்கோயிலை அடுத்த மேலநீலிதநல்லூர் போன்ற சிற்றூர்களில், திண்ணையிலோ ஓட்டுக் கூரையிலோ செவலைப் பூனை ஒன்று படுத்திருக்கக் காணலாம். தானியம் சேர்த்து வைத்த வீட்டுக்கு எலிக் காவலன் அதுவே. ஆயினும் அது குறுக்கே சென்றால் "சகுனம் சரியில்லை" என்று திரும்பிவிடுவோரும் உண்டு. இன்று நாம் திரும்பாமல் சற்று நின்று அதனைக் கவனிப்போம்.

செவலைப் பூனையின் உடம்பில் மங்கலாகவேனும் வரிகள் இருக்கும். அடுத்து, அது கடுவனா, பெட்டையா என்று பாருங்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு கடுவனாகவே இருக்கும். காரணம் யாது?

உயிரணுக்களில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளுக்குக் குரோமோசோம்கள் என்று பெயர். பெட்டைக்கு 'எக்ஸ்' குரோமோசோம் இரண்டு. கடுவனுக்கு 'எக்ஸ்' ஒன்று, 'ஒய்' ஒன்று. செவலை நிறத்தைத் தரும் பண்பு 'எக்ஸ்' மீது அமைந்துள்ளது. ஆகவே கடுவன் செவலையாக அப்பண்பு ஒன்று போதும். பெட்டைக்கோ இரண்டு 'எக்ஸ்'களிலும் வேண்டும்.

ஒன்றில் மட்டும் இருந்தால்? அப்பெட்டை கருமையும் செம்மையும் திட்டுத் திட்டாகக் கலந்து தோன்றும். 1949-ஆம் ஆண்டில் கனடா நாட்டு அறிஞர் மரே பார், பெர்ட்ராம் என்பவருடன் பூனையின் நரம்பணுக்களை ஆராய்ந்தபோது, பெட்டையின் அணுவில் மட்டும் கரும்புள்ளி ஒன்றைக் கண்டார். 1961-இல் இங்கிலாந்தில் மேரி லயன் என்னும் அம்மையார் ஓர் உண்மையை எடுத்துரைத்தார்: பெண்ணுயிரின் ஒவ்வோர் அணுவிலும் இரு 'எக்ஸ்'களில் ஒன்று உறங்கிவிடுகிறது. உறங்கும் அந்த 'எக்ஸ்'தான் மரே பார் கண்ட புள்ளி. எது உறங்குகிறதோ அதற்கேற்பத் திட்டின் நிறம் மாறுகிறது.

செவலைப் பண்பு யாதென்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 2025-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் தனித்தனியே விடை கண்டனர். 'எக்ஸ்' குரோமோசோமில் ஏறத்தாழ 5,100 எழுத்துகள் கொண்ட சிறு பகுதி விடுபட்டிருப்பதே காரணமாம்! அவ்விடுபாட்டால் அருகிலுள்ள மரபணு ஒன்று நிறமியணுக்களில் விழித்தெழ, கருநிறமிக்கு மாறாகச் செந்நிறமி உண்டாகிறது.

இதில் நமக்கு என்ன பாடம்? கடுவன் குட்டிக்கு 'எக்ஸ்' தாயிடமிருந்தே வருகிறது. தாய் செவலையாயின் தந்தை எந்நிறமாயினும் கடுவன் குட்டிகள் செவலையே. தாய் கருப்பாயின் செவலைக் கடுவன் பிறப்பதில்லை. ஆனால் குட்டி கடுவனா, பெட்டையா என்பதைத் தீர்மானிப்பது தந்தை தரும் 'எக்ஸ்' அல்லது 'ஒய்' ஆகும். மனிதருக்கும் இவ்விதியே.

அப்படியிருக்க, பெண்மகவு பிறந்ததென்று தாயை ஏசுவது எவ்வளவு பெரிய அறியாமை! தந்தையையும் குறை கூற இயலாது. 'எக்ஸ்' வருமோ, 'ஒய்' வருமோ, அது அவர் விருப்பத்தில் இல்லை. எத்தனையோ இல்லங்களில் தாய்மார் இப்பழிச்சொல்லைச் சுமந்து கண்ணீர் விட்டிருக்கின்றனர். அச்சொல் இனி உங்கள் இல்லத்தில் எழுமானால், அஞ்சாமல் உண்மையை எடுத்துச் சொல்லுங்கள். நாளை தெருவில் செவலைப் பூனை குறுக்கே சென்றால் திரும்ப வேண்டா. இதனை நினைவூட்டவே வந்தது என்று கொள்ளுங்கள்.