கேட்டு வாங்கிய உரிமை வீணாகலாமா?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மாணவர்கள், பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



வி.களத்தூரிலும் லப்பைக்குடிக்காட்டிலும் எத்தனை வீடுகள் வளைகுடா வருமானத்தில் எழுந்தவை என்பது உங்களுக்கே தெரியும். அத்தா பாலைவன வெயிலில் நின்றார். மகனும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு அதே வெயிலுக்குத்தான் போக வேண்டுமா? உழைப்பு இழிவல்ல. ஆனால் கம்ப்யூட்டர் துறையில் அமரத் தகுதியுள்ள பிள்ளை, வழி தெரியாமல் சுமை தூக்கப் போனால் அதற்கு நாளை மறுமையில் நாம் பதில் சொல்ல வேண்டாமா?

2007-ல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்காகச் சமுதாயம் வீதியில் இறங்கியது. என்னைப் போன்றவர்கள் மேடைகளில் முழங்கினோம். கிடைத்த இடத்தைப் போய்ப் பெறுவது எப்படி என்று வீடு வீடாக வந்து சொன்னோமா? இல்லை. இது எங்கள் குறை. அதை இன்று சரிசெய்கிறேன்.

ஒன்று, கணிதம். பொறியியல் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. மொத்தம் 200-ல் பாதி கணிதம்! பதினொன்றாம் வகுப்பின் முதல் மாதத்திலேயே அதைப் பிடியுங்கள். அரியலூரிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது.

இரண்டு, சான்றிதழ். லெப்பை என்றும், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்றும் தெளிவாக உள்ள சாதிச் சான்றிதழைத் தேர்வு முடிவுக்கு முன்பே வாங்கி வையுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியா? அதற்கும் சான்றிதழ் உண்டு. கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீதம் தனி இடம் 2021 முதல் உண்டு.

மூன்று, திறமை. பட்டம் கதவைத் தட்டும். திறமைதான் உள்ளே உட்கார வைக்கும். ஒரு கணினி மொழியையாவது எழுதிப் பழகிக் கற்றுக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில், பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் சேரலாம். ஜே.இ.இ. தேவையில்லை. அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வகுப்புகள் இணையத்தில் நடக்கின்றன. பெண்பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம். பெற்றோர்களே, நிக்காஹ் விருந்தில் ஒரு பந்தியைக் குறைத்தால் மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்துவிடும்!

பத்ருப் போரில் சிறைப்பட்ட எதிரிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விதித்த ஈட்டுத்தொகை என்ன? மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது! எதிரியிடமிருந்தும் கல்வியைப் பெறலாம் என்று காட்டிய மார்க்கம் இது.

ஜமாஅத் நிர்வாகிகளே! இஷாவுக்குப் பின் மதரஸாக் கூடம் பூட்டித்தான் கிடக்கிறது. அங்கே ஒரு கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் வையுங்கள். கல்லூரியில் படிக்கும் நம்மூர்ப் பிள்ளை ஒருவர் வாரம் இரண்டு நாள் வந்து சொல்லித் தரட்டும். இந்த வெள்ளிக்கிழமையே தொடங்குங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.