அமர்த்தியா சென்னும் என் அத்தையும்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்குத் தெரிந்த விஷயமாக ஏதாவது பேசுங்களேன்" என்றார். எனக்குத் தெரிந்தது கெமிஸ்ட்ரி. அதுவும் 1971-ல் பி.எஸ்ஸி. முடித்ததோடு சரி. அதற்குப் பிறகு சர்க்கார் உத்தியோகம். வங்காளத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தேன். பிற்காலத்தில் மற்றவர்கள் எடுத்த கணக்கைச் சரிபார்த்தேன். அந்தத் தைரியத்தில்தான் எகனாமிக்ஸ் படிக்காமலே ஒரு எகனாமிஸ்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் அமர்த்தியா சென். அவருடைய அரசியல் அபிப்பிராயங்கள் பற்றி இந்த ஹாலிலேயே இரண்டு கட்சி உண்டு என்பது எனக்குத் தெரியும். அதைக் காபிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

1933-ல் சாந்திநிகேதனில் பிறந்தவர். பெயர் வைத்தவர் தாகூர். தாத்தா க்ஷிதிமோகன் சென் பெரிய சமஸ்கிருத பண்டிதர். பேரனும் சமஸ்கிருதம், கணிதம், பௌதிகம் என்று ஒவ்வொன்றாக ஆசைப்பட்டுக் கடைசியில் பொருளாதாரத்துக்கு வந்து சேர்ந்தார். பௌதிகத்துக்கு நஷ்டம்தான்! 23 வயது நிரம்புமுன் 1956-ல் ஜாதவ்பூரில் துறைத் தலைவர். பிறகு டில்லி, லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ஹார்வர்டு. 1998-ல் நோபல் பரிசு, 1999-ல் பாரத ரத்னா. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

1943 பஞ்சத்தின்போது அவருக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. வாசலுக்கு வந்து கேட்பவர்களுக்கு ஒரு சிகரெட் டின் அளவு அரிசி கொடுக்கலாம், ஆனால் குடும்பத்துக்கு ஒரு டின்தான் என்று தாத்தா அனுமதி கொடுத்திருந்தாராம். அந்தப் பையன் வளர்ந்து 1981-ல் பஞ்சங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1941-ஐ விட 1943-ல் வங்காளத்தில் தானியம் அதிகமாகவே இருந்தது, ஆனாலும் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார். அரிசி இருந்தது, கூலிக்காரன் கையில் அதை வாங்கக் காசு இல்லை.

நான் பேச வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. ஒரு வீட்டில் அரிசி இருக்கிறது என்றால், அந்த வீட்டில் உள்ள எல்லோருக்கும் இருக்கிறது என்று அர்த்தமா? என் உத்தியோகத்தில் நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். குடும்பச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிட்டால் வேலை முடிந்தது.

சென் அப்படி விடவில்லை. 1980-களின் ஆரம்பத்தில் சுனில் சென்குப்தா என்பவரோடு சேர்ந்து, சாந்திநிகேதன் பக்கத்தில் இரண்டு கிராமங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை எடை போட்டார். உலகப் புகழ் பெற்ற புரொபசர் குழந்தையைத் தூக்கித் தராசில் வைக்கிறார்! ஒரு பெண் குழந்தை கிட்டே வந்த கையை எல்லாம் கடித்துவிட, உதவியாளர் 'நீங்களே வந்து எடை போடுங்கள்' என்று ஃபோன் செய்தாராம். அதைத் தன் நோபல் சுயசரிதைக் குறிப்பில் பெருமையாகவே எழுதியிருக்கிறார். பிறக்கும்போது ஆணுக்கு இளைத்துப் பிறக்காத பெண் குழந்தை, போகப் போகப் பின்தங்கியது என்பதுதான் தராசு காட்டிய விஷயம். பம்பாய் ஆஸ்பத்திரிக் கணக்குகளையும் ஜோஸலின் கின்ச் என்பவரோடு சேர்ந்து பார்த்தார். ஆண்களைவிட நோய் முற்றிய பிறகே பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்தது.

அவர் எடுத்துக்காட்டிய இன்னொரு கணக்கு என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பஞ்சத்துக்கு மறு வருஷம், 1944-ல், நம் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் அகில இந்திய சுகாதாரக் கழகத்தார் ஒரு சர்வே எடுத்தார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவிகிதம் பேர் உடம்பு சரியில்லை, அல்லது அவ்வளவு சுகமில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவிகிதம்தான். அந்தக் காலத்து வங்காளத்து விதவை ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தாள் என்று யாராவது நம்புவார்களா? தனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதையே சொல்லிக்கொள்ளக் கூடாது என்று பழகியவள் அப்படித்தான் பதில் சொல்வாள் என்கிறார் சென்.

இதை நான் படித்தது 1991 வாக்கில், ஒரு லைப்ரரியில். புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

1974-ல் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, அவரவர் வீட்டையே கணக்கெடுத்து வரச் சொன்னார்கள். அந்தப் படிவம் பெட்டியில் இருந்தது. வரிசை எண் 5: என் அத்தை, அப்பாவின் அக்கா. வயது 50, விதவை. 14 வயதில் கல்யாணம், 17-ல் எல்லாம் முடிந்து தம்பியோடு கல்கத்தா வந்தவள். படிப்பு மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததே அத்தைதான்; அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. நோய் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் 'இல்லை'. பதில் சொன்னவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். அத்தை பத்தடி தள்ளிச் சமையலறையில்தான் இருந்தாள். நான் எழுந்து போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், "எனக்கென்னடா கேடு?" என்றுதான் சொல்லியிருப்பாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மோரில் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவதை நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்தோம். 1988-ல் விழுந்தபோதுதான் முதல்தடவையாக ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே. "எத்தனை வருஷமாக இப்படி?" என்று டாக்டர் கேட்டார். கணக்கெடுப்பதே தொழிலாக இருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. பதினோராம் நாள் போய்விட்டாள்.

மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன்.

1990 டிசம்பரில் சென் ஒரு கட்டுரை எழுதினார். சம கவனிப்புக் கிடைக்கும் ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற இடங்களில் நூறு ஆணுக்கு 105 பெண்கள் இருக்கும்போது, சீனாவிலும் நம் பக்கத்திலும் 94-தான். அந்த விகிதப்படி இருந்திருக்க வேண்டியவர்கள், ஆனால் இல்லாதவர்கள், பத்து கோடிப் பெண்களுக்கு மேல் என்றார். 2003-ல் அதே கணக்கைத் திரும்பப் பார்த்தார். சிறுமிகள் சாவது குறைந்திருந்தது. ஆனால் ஸ்கேன் பார்த்துப் பிறக்கவே விடாமல் செய்வது கூடி, கிடைத்த லாபத்தைத் தின்றுவிட்டது. நம் சென்சஸில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 1991-ல் 945, 2001-ல் 927, 2011-ல் 920-க்கும் கீழே. பெண் படித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சொல்லிவந்தவரே, இந்த ஒரு விஷயத்தில் படிப்பு மட்டும் போதவில்லை என்றும் எழுதினார். வசதியும் படிப்பும் உள்ள இடங்களிலும் இது நடக்கிறது. நம் சமூகத்தைக் கேட்காதீர்கள், என்னிடம் கணக்கு இல்லை.

நோபல் பணத்தில் அவர் 1999-ல் ஆரம்பித்த பிரதீசி டிரஸ்ட், வங்காளத்து ஆரம்பப் பள்ளிகளைப் பற்றி 2002-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வாத்தியார் வராதது, டியூஷன் வைக்க முடியாத வீட்டுக் குழந்தை எழுதப் படிக்கத் திணறுவது எல்லாம் அதில் உண்டு. அதை விவரிக்க இன்னொரு நாள் வேண்டும். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் மருத்துவ முகாம் அடுத்த மாதம். போன தடவைப் படிவங்களைப் புரட்டிப் பார்த்தேன். மாமிகளின் படிவங்களில் பாதிக்கு மேல் மாமாக்களின் கையெழுத்து, 'தொந்தரவு: ஒன்றுமில்லை' என்று. இந்தத் தடவை பதிவு மேஜையில் நான் உட்காரப்போகிறேன். மாமாக்கள் வெளியே பெஞ்சில் காத்திருக்கலாம். பேப்பர் வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறேன். மாமி 'எனக்கென்ன கேடு' என்று சொன்னால் நான் எழுதிக்கொள்ள மாட்டேன். ரத்தம் எடுக்க ஆள் பக்கத்து மேஜையிலேயே இருப்பார்.