ஜூலியா, ஜூலி, மீனாட்சி அம்மாள்

(பெங்களூரு உறுப்பினர்களின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இந்தத் தடவை ஏதாவது லேசான விஷயமாகப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பௌதிகத்தில் பட்டம் வாங்கி, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். லேசான விஷயம் எனக்கு எங்கே தெரியும்? பெண்ணின் வற்புறுத்தலால் 'ஜூலி அண்ட் ஜூலியா' என்ற ஆங்கிலப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது தடவை மனசு என்னவோ செய்தது. அதைப் பற்றியே பேசுகிறேன்.

2009இல் வந்த படம். இயக்கியவர் நோரா எஃப்ரான். இரண்டு நிஜ மனுஷிகளின் கதை. ஒருவர் ஜூலியா சைல்ட். கணவரோடு பாரீஸ் போய், முப்பத்தேழு வயதில் அங்கே சமையல் பள்ளியில் சேர்ந்து, இரண்டு பிரெஞ்சுப் பெண்மணிகளோடு சேர்ந்து அமெரிக்க இல்லத்தரசிகளுக்காக எழுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு சமையல் புத்தகம் எழுதியவர். அது 1961இல் வெளிவந்தது. இன்னொருவர் ஜூலி பவல். நியூயார்க்கில் ஒரு ஆபீசில், 2001 தாக்குதலால் பாதிக்கப்பட்டவர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் உத்தியோகம். 2002இல் அந்தப் புத்தகத்தில் உள்ள 524 பண்டங்களையும் 365 நாளில் செய்து முடிப்பது என்று சங்கல்பம் செய்துகொண்டு, தினமும் இணையத்தில் எழுதினார். படம் இவரிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து இவருக்குமாக மாறி மாறிப் போகிறது.

நம்மவர்கள் பார்க்கும்போது ஒரு சங்கடம் உண்டு. படம் முழுக்க மாமிசம். உயிரோடு இருக்கும் கடல் நண்டு மாதிரி ஒன்றைக் கொதிநீரில் போடும் காட்சியில் என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் அந்த ஜூலி அதுவரை முட்டையே சாப்பிட்டதில்லை என்று ஒரு இடத்தில் சொல்லும்போது, "அட, நம்மாத்துப் பொண்ணு" என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

எனக்குப் படத்தில் மிகவும் பிடித்தது, அது ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தரின் வீட்டுக் கதை என்பதுதான். ஜூலியாவே யுத்த காலத்தில் இலங்கையில் கண்டியில் அமெரிக்க உளவுத்துறையின் ரிஜிஸ்ட்ரியைப் பார்த்துக்கொண்டவர். கணவர் பால் சைல்டை அங்கேதான் சந்தித்தார். அப்புறம் அவருக்குப் பாரீஸ், மார்செய், ஜெர்மனி, ஆஸ்லோ என்று மாற்றல் மேல் மாற்றல். ஒவ்வொரு ஊரிலும் அந்த அம்மாள் அடுப்பை மறுபடி மூட்டி, கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்து, மற்ற இருவருக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறார். 1955இல் பாலை வாஷிங்டனுக்குக் கூப்பிட்டு, தேசத்துக்கு விசுவாசமானவர்தானா என்று மணிக்கணக்காக விசாரித்தார்கள். அந்தக் காட்சியில் அவர் முகத்தைப் பாருங்கள். மேலிடத்திலிருந்து "விளக்கம் தருக" என்று கடிதம் வாங்கியவர்களுக்கு அது நன்றாகப் புரியும்.

இனி என் மனத்தாங்கல். ஒரு சமையல் குறிப்பு எப்படி உண்டாகிறது என்பதைப் படம் அவசரமாகக் கடந்துவிடுகிறது. வெங்காயத்தை மலைபோல் நறுக்குகிறார், கணவர் கண்ணைக் கசக்குகிறார், நாமும் சிரிக்கிறோம். ஆனால் எட்டு ஒன்பது வருஷ உழைப்பின் சாரம் வேறு. பக்கத்தில் இல்லாத, முன்பின் தெரியாத ஒருத்திக்கு, கை பிடித்துக் காட்ட முடியாததை எழுத்தில் காட்டுவது. மாமிசத்தை ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் வறுக்க வேண்டும் என்று ஜூலியா எழுதினார். நம் வாழைக்காய் வறுவலுக்கும் அதே நியாயம்தான். தண்ணீர் இருக்கும்வரை மேல்பரப்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நிறம் மாற 140 டிகிரியாவது வேண்டும். கொதிக்கும் சூடும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கும் நம் பெங்களூருவில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் வெண்கலப் பானையில் குழைந்த பருப்பு இங்கே ஏன் முரண்டு பிடிக்கிறது என்று கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி கேட்டாள். காரணம் சொல்ல எனக்கு என் பட்டம் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அவள் கையில் அப்போது இருந்த புத்தகம் எது என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. கல்யாணச் சீரோடு வந்தது. முதல் பாகம் வெளிவந்தது 1951இல். அதாவது ஜூலியாவின் புத்தகத்துக்குப் பத்து வருஷம் முன்னால். ஆழாக்கு, பலம் என்று நிறுத்து அளந்து எழுதியிருக்கிறார். கிலோவும் லிட்டரும் 1956ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகுதானே வந்தன! எட்டு ஆழாக்கு ஒரு படி, ஒரு பலம் சுமார் 35 கிராம் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அட்டைக்குள் ஒட்டிக் கொடுத்தேன்.

மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். கைக்குழந்தை, மாமியார், மைத்துனர் என்று குடும்பப் பொறுப்பு அவர் தலையில். நன்றாகச் சமைப்பார் என்பதால் உறவுக்காரர்கள் செய்முறை கேட்டு எழுதுவார்கள், இவர் பதில் எழுதுவார். மாமா கே. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர்தான், "இதையெல்லாம் புத்தகமாகப் போடு" என்று ஊக்கப்படுத்தினார். மூன்று பாகங்கள் வந்தன. 1962இல் அவர் காலமானார்.

இரண்டாம் தடவை படம் பார்த்தபோது இதுதான் மனசில் ஓடியது. ஜூலியாவுக்குச் சமையல், பொழுது போக வேண்டும் என்று தேடிப் போய்க் கண்டுபிடித்த ஆனந்தம். ஜூலிக்கு, வெறுத்துப்போன உத்தியோகத்திலிருந்து ஒரு மீட்சி. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் சமையலில் கை தேர்ந்தவர்கள் பலர் அப்படித் தேர்ந்தெடுத்து அடுப்படிக்கு வந்தவர்கள் அல்ல. என் அத்தை பத்தொன்பது வயதில் திரும்பி வந்தாள். ஐம்பது வருஷம் எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தாள். என் அக்கா கல்யாணத்துக்கு முறுக்குச் சுற்றியதும், மனோகரத்துக்குப் பாகு பதம் பார்த்ததும் அவள். முகூர்த்த வேளையில் அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும். சம்பந்தி வீட்டார் பட்சணம் பிரமாதம் என்றார்கள், கேட்டுக்கொண்டவர் என் அப்பா.

மீனாட்சி அம்மாளை வைத்து நம்மில் யாராவது படம் எடுத்தால், நெய் மணக்கும் மைசூர்பாகை மட்டும் காட்டிவிட்டுப் போக முடியாது. அந்தக் கதவையும் காட்ட வேண்டியிருக்கும். பெருமைப்படுவதற்கு நமக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் காட்சி வரும்போது எத்தனை பேர் நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருப்போம் என்பது சந்தேகம்.

ஜூலி பவலுக்கும் நியாயம் சொல்லிவிட வேண்டும். அவர் செய்ததை ஜூலியா ரசிக்கவில்லை என்று படத்திலேயே வருகிறது. என் அனுதாபம் முதலில் மூத்தவர் பக்கம்தான் இருந்தது. வருஷக்கணக்கில் சோதித்து எழுதியதை ஒரே வருஷத்தில் ஓட்டப் பந்தயமாக்கினால் யாருக்குப் பிடிக்கும்? ஆனால் படம் வந்த 2009 ஆகஸ்டில், அச்சாகி 48 வருஷம் கழித்து, ஜூலியாவின் புத்தகம் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதைப் பார்க்க ஜூலியா இல்லை, 2004இலேயே போய்விட்டார். ஜூலியும் 2022இல், நாற்பத்தொன்பதே வயதில் காலமானார். செய்தியைப் படித்தபோது, அவர்மேல் எனக்கிருந்த எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

ஜூலியாவின் சமையலறையை, மாட்டியிருந்த வாணலியோடு வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் அப்படியே வைத்திருக்கிறார்கள். என் அத்தை வைத்துவிட்டுப் போனது ஒரு முறுக்கு அச்சு மட்டும். அளவு எல்லாம் அவள் கையில் இருந்தது. 1971இல் அவளோடு போயிற்று. உங்கள் வீட்டில் பாட்டியோ அத்தையோ கையால் எழுதிய சமையல் நோட்டு ஏதாவது பரணில் இருந்தால், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை. ஆழாக்கைக் கிராமாக்கித் தருவது என் பொறுப்பு. எழுதியவரின் பெயரை மட்டும் முதல் பக்கத்தில் போட்டுக் கொண்டுவாருங்கள். இன்னாரின் அத்தை, இன்னாரின் பாட்டி என்று போடாமல், அவர்களுடைய சொந்தப் பெயரை.