பசுவின் மரபணுவில் ஓர் எழுத்து
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கடன் பெற்றுக் கறவை மாடு வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. சந்தையில் தரகர் முதலில் கூறுவது, "இது ஜாதி மாடு" என்பதே. அச்சொல்லை நம்பியே விலையும் ஏறுகிறது. அதில் உண்மை எத்துணை என்பதை அறிவியலின் துணைகொண்டு ஆராய்வோம்.

பசுவின் உடற்செல்லில் 30 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் 19ஆம் குரோமோசோமில் வளர்ச்சி ஹார்மோனுக்குரிய மரபணு அமைந்துள்ளது. ஏறத்தாழ 1,800 எழுத்துகள் கொண்ட வாசகம் அது. அதன்படியே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அந்த ஹார்மோனை உருவாக்குகிறது. கன்றின் எலும்பும் தசையும் வளர்வதற்கும், தீனியின் சத்து மடியை அடைந்து பாலாவதற்கும் இது துணை செய்கிறது.

அவ்வாசகத்தில், 127ஆம் அமினோ அமிலத்தைக் குறிக்குமிடத்தில் 'சி' என்னும் எழுத்திருப்பின் லியூசின் அமையும். 'ஜி' இருப்பின் வாலின் அமையும். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு படிகள் வருவதால், இரண்டும் லியூசின், இரண்டும் வாலின், கலப்பு எனப் பசுக்கள் மூவகைப்படும். சிறிதளவு இரத்தத்தைச் சோதித்தே இதனை அறியலாம்.

இனி, ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்குவோம். மிகுந்த பால் தரும் ஹோல்ஸ்டீன் பிரீசியன் இனத்தில் லியூசின் வடிவமே மிகுதி. குறைந்த பால் தரும் நம் நாட்டுத் திமில் மாடுகளிலும், ஆராயப்பட்டவரையில், அதே வடிவமே மிகுதி. ஜெர்சி இனத்திலோ வாலின் வடிவமும் கணிசமாக உண்டு. எனவே இவ்வோர் எழுத்தே பாலின் அளவை முடிவு செய்கிறது என்பது பொருந்தாது. லியூசினால் பால் கூடும் என்ற ஆய்வுகளும் உண்டு. வாலினால் கூடும் என்றனவும் உண்டு.

பால் வளம் எண்ணற்ற மரபணுக்களின் கூட்டு விளைவு. ஒரே இனப் பசுக்களுக்கிடையே காணும் பால் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பிறப்புவழி வந்ததெனக் கால்நடை மரபியலார் கணக்கிடுவர். எஞ்சியது தீனி, தண்ணீர், நோய்த்தடுப்பு, பராமரிப்பு ஆகியவற்றைச் சார்ந்தது.

ஆகவே, மாடு வாங்குவோர் நிறத்தையும் பெயரையும் மட்டும் நம்பற்க. தாய்ப்பசு கறந்த அளவைக் கேட்டறிக. எத்தனையாவது ஈற்று என வினவுக. காலையும் மாலையும் முன்நின்று கறந்து அளந்து பார்க்க. வாங்கிய பின் பசுந்தீவனமும் தாது உப்பும் தவறாது அளிக்க. கோமாரித் தடுப்பூசியை மறவற்க.

மாணவச் செல்வங்களே! சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தோன்றியது. 1989இல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் அமைந்தது. தலைமுறை தலைமுறையாக மாடு பேணிய வீட்டுப் பிள்ளைகள் அவ்வகுப்பறைகளில் அமர்தல் வேண்டும். மாட்டின் தகுதியையே பிறப்பு முழுமையாக விதிப்பதில்லை எனில், மனிதனின் தகுதியைப் பிறப்பு விதிக்கும் என்பார் கூற்றை நாம் எங்ஙனம் ஏற்பது? கற்போம், ஆராய்வோம், உயர்வோம்.