மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்?



தருவைகுளத்துல பெரும்பாலும் தனி வீடுதானே, மாடிச் சண்டை பத்தி இங்க வந்து எதுக்குப் பேசறீங்கன்னு நீங்க கேட்கலாம். பிள்ளைங்க படிப்புக்காகத் தூத்துக்குடி டவுன்ல ஃபிளாட் பார்க்கிற குடும்பம் உங்க தெருவுலயும் இருக்கும். அவங்க கூடவே கருவாடும் போகுது. அங்கதான் பிரச்சினை.

ஒரு வீட்டு அக்கா மாடியில, பெரியவங்க சொல்ற தட்டட்டியில, சாளையைக் காயப் போடுறாங்க. பக்கத்துக் கொடியில இன்னொரு வீட்டுப் பிள்ளையோட பள்ளிச் சீருடை. ரெண்டும் வெயிலைத் தேடித்தான் மேல வந்தது. ஒருத்தருக்கு அது வருமானம், இன்னொருத்தருக்கு நாளைக்குப் பிள்ளை போட்டுக்கிட்டுப் போற துணி. "மாடி என்ன உங்க பேர்லயா இருக்கு?"ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா, அப்புறம் படிக்கட்டுல பார்த்தாக்கூடப் பேச்சு கிடையாது.

சரி, யார் பேர்லதான் இருக்கு? உங்க கிரையப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க. அதுல 'பிரிபடாத பாகம்', அதாவது யுடிஎஸ், இவ்வளவு சதுர அடின்னு எழுதியிருக்கும். அது நிலத்துல உங்களுக்குள்ள பங்கு. இந்த மூலை எனக்கு, அந்த மூலை உனக்குன்னு கோடு போட்டுப் பிரிச்சது இல்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பொதுப் பகுதிகளோட பட்டியல்லயே மொட்டை மாடியையும் சேர்த்திருக்கு. மேல்தளத்துல இருக்கிறவர் தலைக்கு மேல இருக்குங்கிறதுக்காக அது அவரோடது ஆகிடாது. கீழ்வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு. செலவுலயும்தான்! 2023 டிசம்பர் 17, 18 பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. மாடித் தண்ணி போற குழாய் அடைச்சுக்கிட்டா முதல்ல ஒழுகறது மேல்வீடு. ஆனா அதைச் சரிபண்ற காசை அவர் ஒருத்தர் தலையில கட்டறது நியாயமில்லை.

சில பழைய பத்திரங்கள்ல மாடி உரிமையை ஒருத்தருக்கே எழுதிக் கொடுத்திருப்பாங்க. அப்படி இருந்தா சண்டைக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, 2024 மார்ச்சுல நடைமுறைக்கு வந்துச்சு. உரிமையாளர் சங்கமும் அதுக்குத் துணைவிதிகளும் வேணும்னு அது சொல்லுது. மாடி விஷயத்தை அந்தத் துணைவிதியிலயே எழுதிடலாம்: கருவாடு எந்தப் பக்கம், எந்த நாள், கொடி எங்க, சாவி யார்கிட்ட. (சாவியை ஒரே வீட்டுல பூட்டி வைக்கிறது எனக்குச் சரியாப் படல. தீப்பிடிச்சா ஓட வேண்டிய வழியில அதுவும் ஒண்ணு.) ராத்திரி 10 மணிக்கு மேல காலை 6 வரைக்கும் மாடியில ஒலிபெருக்கி கூடாதுங்கிறது ஏற்கெனவே சட்டம்தான்.

இப்ப புதுசா வர்ற தகராறு சோலார். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் பிடிக்கும். முதல்ல வந்த ரெண்டு வீடு போட்டாலே துணி காய இடமிருக்காது. சங்கமா விண்ணப்பிச்சு பொது மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்குக்குப் போட்டா, பிஎம் சூர்ய கர் திட்டத்துல கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கு.

பேசியும் தீரலையா? நேரா வழக்குக்குப் போகாதீங்க. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுத்தா, வழக்குப் போடாமலேயே மக்கள் நீதிமன்றத்துல ரெண்டு தரப்பையும் உட்கார வெச்சுப் பேசுவாங்க. கட்டணம் இல்லை. அங்க சம்மதிச்சு எழுதினது நீதிமன்றத் தீர்ப்பு மாதிரியே செல்லும். விவரம் கேட்க 15100-க்கு ஃபோன் பண்ணுங்க. போகும்போது பத்திர நகலையும் மாடியோட ரெண்டு மூணு போட்டோவையும் எடுத்துக்கிட்டுப் போங்க.