முந்திரிக் கொட்டை உடைக்கும் கை மிஷின்: வாங்கும் முன் யோசிப்போம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், முந்திரி உடைப்பில் அனுபவமுள்ள குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன் கேட்டு மூன்று குழுக்கள் மனு கொடுத்திருக்காங்க. மூன்றும் முந்திரி உடைக்கும் மிஷினுக்குத்தான். மிஷின் நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அதனால் எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

நம்ம கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டி சுற்று வட்டாரத்தில், முந்திரி தெரியாத வீடு இல்லை. மார்ச் முதல் மே வரை கொட்டை பொறுக்குகிறோம். பொறுக்கிய ஈரம் காயறதுக்குள்ளே வியாபாரியிடம் போட்டுவிடுகிறோம். அப்புறம் அதே கொட்டையை அவர் தந்த இடத்தில் உட்கார்ந்து உடைக்கிறோம். உடைத்த பருப்புக்குக் கிலோ கணக்கில் கூலி. கொட்டை நம்முடையது, கையும் நம்முடையது, லாபம் மட்டும் நம்முடையது இல்லை. 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயலில் எத்தனை தோப்பு சாய்ந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுசா ஒட்டுக்கன்று வைத்து மறுபடி காய்ப்புக்குக் கொண்டுவந்த கொட்டையை ஈரத்தோடு விற்கலாமா என்பதுதான் என் கேள்வி.

கையைச் சுடுவது எது?

முந்திரி ஓட்டின் இரண்டு தோலுக்கு நடுவில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அதில்தான் அந்தக் கறுப்பு எண்ணெய் இருக்கிறது. கட்டையாலோ கல்லாலோ தட்டும்போது அறைகள் நசுங்கி எண்ணெய் கையில் ஏறுகிறது. தோல் கறுத்து உரிகிறது, கொப்புளம் வருகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் கையைப் பார்த்து முகம் சுளித்த கதை நம்ம ஊரில் இல்லாமல் இல்லை. இதே எண்ணெய்க்குப் பெயிண்ட், வார்னிஷ், வண்டி பிரேக் கட்டை செய்கிற இடங்களில் கிராக்கி இருக்கிறது. அதனால் ஓட்டை அடுப்பில் போட்டு எரிக்காதீங்க. புகை கண்ணையும் மூச்சையும் கெடுக்கும், விற்கிற பொருளும் வீணாகும்.

மிஷின் எப்படி வேலை செய்கிறது?

கொட்டையின் வளைவுக்கு ஏற்றபடி வளைத்த இரண்டு கத்திகள் எதிரெதிரே இருக்கும். நடுவில் கொட்டையை வைத்துக் கைப்பிடியை இழுத்தால் கத்திகள் ஓட்டை மட்டும் வெட்டும். காலால் மிதித்தால் ஓடு இரண்டாகப் பிளக்கும். சில மாடலில் கை வேலையும் கால் வேலையும் மாறியிருக்கும். கரண்ட் வேண்டாம், வீட்டுத் திண்ணையிலேயே போடலாம். ஒருவர் வெட்ட, இன்னொருவர் ஊசியால் பருப்பை எடுக்கலாம்.

ஆனால் மிஷின் மட்டும் வாங்கினால் போதாது. உடைப்பதற்கு முன்னே செய்கிற வேலையில்தான் பாதி லாபம் இருக்கிறது.

1. கொட்டையை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைக்கணும். கையில் எடுத்துக் குலுக்கினால் சலசலக்கணும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

2. பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று சலித்துப் பிரிக்கணும். கத்தி இடைவெளி ஒரு அளவுக்குத்தான் வைக்க முடியும். கலந்து போட்டால் பெரிய கொட்டையில் கத்தி பருப்பில் இறங்கும், சின்னக் கொட்டையில் ஓடு வெட்டாது.

3. ஆவியில் அவிக்கணும். ஓடு மொறுமொறுப்பாகி, பருப்பு ஓட்டை விட்டு விலகும். அவித்ததும் உடைக்கக் கூடாது. ஒரு நாள் ஆறவிட்டு உடைக்கணும்.

4. உடைத்த பருப்பை உலர்த்தும் அடுப்பில், அதாவது போர்மாவில், ஏறக்குறைய 70 டிகிரி சூட்டில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வைத்தால் மேல்தோல் கழன்று வரும். அதன் பிறகுதான் தோல் உரிப்பது, தரம் பிரிப்பது எல்லாம்.

தரம் பிரிப்பதில் எண்ணைக் கவனிங்க. கடையில் 320 என்று சொன்னால், ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப் பருப்பு இருக்கிறது என்று அர்த்தம். 240 என்றால் 220 முதல் 240 வரை. எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் கூட. இது தெரியாவிட்டால் 240 ரகத்தை 320 விலைக்குக் கொடுத்துவிட்டு வருவோம்.

கணக்கு போடுவோம் வாங்க

80 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, 20 கிலோ பருப்பு கிடைக்கும். கொட்டையின் தரத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். முழுப் பருப்புக்கும் உடைசலுக்கும் கிலோவுக்கு 150 ரூபாய் வித்தியாசம் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 4 கிலோ உடைந்தால் 600 ரூபாய் போச்சு. அவசரமாக உடைத்து 8 கிலோ உடைந்தால் 1,200 ரூபாய் போச்சு. பத்து மூட்டைக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் 6,000 ரூபாய். வேகமாக உடைப்பவரை விட முழுசாக எடுப்பவர்தான் குழுவுக்கு வேண்டும்.

செலவுப் பக்கத்தில் கொட்டை விலை, விறகு, தோல் உரிக்கும் கூலி, பை, கடன் வட்டி, கத்தி மாற்றும் செலவு எல்லாம் எழுதுங்க. அதோடு நாம உட்கார்ந்து உடைத்த நேரத்துக்கும் கூலி எழுதுங்க. "வீட்டு வேலைதானே" என்று அதை விட்டுவிட்டால், நஷ்டத்தில் ஓடுகிற தொழிலும் லாபம் மாதிரித்தான் தெரியும். வெளியே போனால் கிடைக்கும் கூலியைப் போட்ட பிறகும் மிச்சம் நின்றால்தான் அது தொழில்.

கடனுக்கு முன் சில யோசனைகள்

எடுத்ததும் மோட்டார் மிஷின் வேண்டாம். நம்மிடம் இருக்கும் கொட்டைக்கு அது பாதி வருஷம் சும்மா நிற்கும், வட்டி மட்டும் ஓடும். முதலில் இரண்டு கை மிஷின் போதும். அவிக்கும் பாத்திரத்தையும் போர்மாவையும் குழுக்கள் சேர்ந்து பொதுவில் வைத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் நம்ம கொட்டையையே ஒரு மூட்டை எடுத்துப்போய் அந்த மிஷினில் உடைத்துப் பாருங்க. முழுப் பருப்பு எத்தனை, உடைசல் எத்தனை என்று எடை போட்டு எழுதுங்க. கத்தி உள்ளூரில் கிடைக்குமா, சாணை பிடிக்க ஆள் உண்டா என்றும் விசாரியுங்க. சந்தேகத்துக்கு விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. போய்க் கேட்கத் தயங்க வேண்டாம்.

மிஷின் வந்ததும் கையில் எண்ணெய் படாது என்று நினைக்காதீங்க. குறையும், அவ்வளவுதான். உறை போடுங்க, இல்லாவிட்டால் ஆமணக்கு எண்ணெயும் சாம்பலும் தடவிக்கொள்ளுங்க. கண்ணைத் தேய்க்காதீங்க. முந்தானையைச் செருகிக்கொண்டு உட்காருங்க. பிள்ளைகளை மிஷின் பக்கமே விடாதீங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை "நான் கொஞ்சம் உடைக்கிறேன்" என்று சொன்னாலும் கூடாது.

கடைசியாக ஒன்று. மிஷின் குழுவின் சொத்து. யார் வீட்டில் இருக்கிறதோ அவர் சொத்து இல்லை. யார், எந்த நாள், எவ்வளவு உடைத்தார் என்று ஒரு நோட்டு வேண்டும். பருப்பு விற்ற பணம் நேராகக் குழுக் கணக்குக்கு வரணும். இதைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு மிஷினை இறக்குங்க. இறக்கிய பிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

மனு கொடுத்த மூன்று குழுவும் அடுத்த கூட்டத்துக்கு மூன்று விவரம் கொண்டு வாங்க: உறுப்பினர்களின் தோப்பில் மொத்தம் எத்தனை மூட்டை வரும், ஒரு மூட்டை உடைத்துப் பார்த்த எடை, யார் யார் உடைக்க வருவார்கள். அதைப் பார்த்துக் கடன் தொகையை முடிவு செய்யலாம்.