முப்பத்தைந்தரையின் மறைபொருள்



வேதியியல் நூலில் உள்ள தனிம வரிசைப் பட்டியலைப் பாருங்கள். குளோரினின் அணுநிறை 35.45 என்றிருக்கும். ஆனால், எந்தக் குளோரின் அணுவைத் தனியே நிறுத்தாலும் 35.45 வாராது. அவ்வாறாயின் இவ்வெண் பொய்யா? அன்று, மெய்யே. எதனைப் பற்றிய மெய் என்பதே வினா.

தனிமங்களின் அணுநிறைகள் யாவும் நீரகத்தின் நிறைக்கு முழுமடங்குகள் என்று 1815-இல் வில்லியம் பிரௌட்டு என்பார் கூறினார். குளோரினோ முப்பத்தைந்தரையில் நின்று அக்கூற்றை மறுத்தது. துலைக்கோலைத் திருத்தத் திருத்தவும் அந்த அரை அகலவில்லை.

ஒரே தனிமத்தின் அணுக்களும் நிறையால் வேறுபடக்கூடும் என்று 1913-இல் பிரடெரிக்கு சாடி விளக்கினார். அவை பட்டியலில் ஒரே இடத்தில் அமர்வன. ஆதலின், 'ஒரே இடம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஐசோடோப்பு என்னும் பெயரைச் சொல்லித் தந்தார் மார்கரெட்டு தாடு எனும் மருத்துவ அம்மையார். கிரேக்கம் அறியாத சிறுவனுக்கு அது வெற்றொலி. ஓரிடத்தான் என்றாலோ சொல்லே பொருளை உரைத்துவிடுகிறது.

1919-இல், அணுக்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியைக் கேம்பிரிட்சில் அமைத்தார் ஆசுட்டன். குளோரினில் 35, 37 என இருவகை அணுக்கள் இருப்பது அதனால் வெளிப்பட்டது. இரண்டிற்கும் நேர்மின்னிகள் 17. நொதுமிகள் மட்டும் ஒன்றில் 18, மற்றதில் 20. 1922-இல் அவர் நோபெல் பரிசு பெற்றார்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 35-ஐயும் 37-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 36 என்று எழுதுவது மாணவர் பலர் செய்யும் பிழை. இருவகையும் ஒத்த அளவில் இருந்தால்தானே அது பொருந்தும்? இயற்கையில் முன்னது 75.76 விழுக்காடு, பின்னது 24.24 விழுக்காடு. ஒவ்வொன்றின் நிறையையும் அதன் பங்கால் பெருக்க வேண்டும்.

34.969 × 0.7576 = 26.49
36.966 × 0.2424 = 8.96

இரண்டையும் கூட்டினால் 35.45. ஆக, அது ஓரணுவின் நிறையன்று, பெருங்கூட்டத்தின் நிரவல். நூறாண்டுக் காலம் அறிஞரைக் குழப்பிய அந்த அரை, பிழையன்று. இரண்டு வகை உண்டென்னும் செய்தியே!

எனவே, எண்ணை உருப்போடாதீர்கள். அதன் பொருளை வினவுங்கள். போரானின் ஓரிடத்தான்கள் 10-உம் 11-உம். அதன் அணுநிறை 10.81. இயற்கையில் மிகுந்திருப்பது எது? ஏட்டைத் திறவாமலே இதற்கு விடை சொல்லும் மாணவனே வேதியியல் கற்றவன்.